தேறிவரும் கிளியும் ஒரு சின்னத் தராசும்

கேள்வி: எங்கள் வீட்டுக் கிளிக்கு நாலு வயது. போன வாரம் திடீரென்று கத்துவதை நிறுத்திவிட்டு, இறகை உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பறவை டாக்டரிடம் காட்டினோம். பாக்டீரியா தொற்று என்று சொல்லி 10 நாளைக்கு வாயில் ஊற்றும் மருந்து கொடுத்திருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாளாகிறது, இன்னும் கூண்டின் தரையில்தான் இருக்கிறது. விதையைக் கொறிக்கிற மாதிரி தெரிகிறது, உள்ளே போகிறதா என்று புரியவில்லை. மருந்து கொடுக்கப் போனால் கடிக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தில் கலந்து வைத்துவிடலாமா? வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: தண்ணீரில் கலக்காதீர்கள். உடம்பு சரியில்லாத கிளி தண்ணீரே குறைவாகத்தான் குடிக்கும், அதில் கசப்பு தெரிந்தால் அதையும் விட்டுவிடும், அப்புறம் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

கடிக்கிறதா, நல்லது, கடிக்கிற அளவுக்குத் தெம்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மெல்லிய துண்டால் பின்பக்கமிருந்து போர்த்தி, தலை மட்டும் வெளியே தெரியும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். மார்பை மட்டும் அழுத்தவே கூடாது. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் பறவைக்குக் கிடையாது, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு, அதை இறுக்கிப் பிடித்தால் வாய் திறந்திருந்தாலும் மூச்சு நின்றுவிடும். சிரிஞ்ச் நுனியைக் கிளியின் இடது பக்க அலகோரத்தில் வைத்து, வலது பக்கத் தொண்டையைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், அது விழுங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த சொட்டு. தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள். மூக்கில் குமிழ் வந்தாலோ இருமினாலோ உடனே நிறுத்துங்கள்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் முதல்முதலில் வளர்த்த கிளி சாப்பிடாமல் கிடந்தபோது, பதற்றத்தில் அதன் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். மூச்சுக்குழாயின் வாசல் பறவைக்கு நாக்கு முடிகிற இடத்துக்குப் பின்னாலேயே திறந்திருக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய், அன்று இரவே அது போய்விட்டது. டாக்டர் அளந்து கொடுத்த மருந்தைத் தவிர வேறு எதையும், தண்ணீரோ கஞ்சியோ, அவர் செய்து காட்டாமல் நீங்களாக ஊற்றாதீர்கள்.

சரி, மருந்துக்கு அப்புறம் உங்கள் கையில் இருக்கிற பெரிய வேலை சூடு. கிளியின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதைக் காப்பாற்றவே அது இறகை உப்பிக்கொண்டு உட்கார்கிறது, சாப்பிடுகிற கொஞ்சநஞ்சமும் அந்தச் சூட்டுக்கே செலவாகிவிடுகிறது, நோயோடு போராட மிச்சம் இருப்பதில்லை. சுற்றியிருக்கும் காற்றை 29 முதல் 32 டிகிரி வரை வைத்துக்கொடுத்தால் அந்தச் செலவு மிச்சமாகும். கூண்டின் ஒரு பக்கத்தில் மட்டும், வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரோ, துணி சுற்றிய வெந்நீர்ப் பையோ வையுங்கள், மறுபக்கம் சாதாரணமாக இருக்கட்டும், எங்கே இருப்பது என்பதைக் கிளியே முடிவு செய்யும். மூன்று பக்கம் துணியால் மூடி, நாலாவது பக்கம் காற்றுக்கு விட்டுவிடுங்கள். கிளி உட்காரும் உயரத்தில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும், கையால் தொட்டுப் பார்த்து அளக்க முடியாது. இறகை உடம்போடு ஒட்டவைத்து, சிறகை அகல விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்று அர்த்தம், உடனே குறைக்க வேண்டும். வெளிச்சம் தரும் பல்பை ராத்திரி முழுக்க எரியவிடுகிறவர்கள் உண்டு, அது சூடு கொடுக்கும், தூக்கத்தைக் கெடுத்துவிடும். நோயில் இருக்கும் கிளிக்குப் 10, 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும்.

உட்காரும் குச்சிகளை எல்லாம் தரையை ஒட்டி இறக்கிவிடுங்கள், மேலேயிருந்து விழுந்தால் இன்னொரு சிக்கல். ஊஞ்சல், மணி, பொம்மை எதுவும் இப்போது வேண்டாம். தரையில் வெள்ளைக் காகிதம் விரியுங்கள், மரத்தூள் போடாதீர்கள். சாப்பாடும் தண்ணீரும் அது உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டும் தூரத்தில் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும்.

இனி உங்கள் முக்கியமான சந்தேகம், சாப்பிடுகிறதா இல்லையா. கிளி நம்மை ஏமாற்றும் என்பதை வளர்க்கிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டில் சோர்ந்து தெரிகிற பறவையைத்தான் வேட்டை விலங்கு முதலில் குறிவைக்கும், அதனால் உயிர் போகிற நிலையிலும் நன்றாக இருப்பது போலக் காட்டிக்கொள்வது அதன் ரத்தத்தில் ஊறியது. விதையை எடுத்து அலகில் உருட்டி உடைத்து அப்படியே கீழே போட்டுவிடும், பார்க்கிற நமக்குச் சாப்பிடுகிற மாதிரியே இருக்கும். கிண்ணத்துக்குக் கீழே வெறும் தோல் மட்டும் கிடக்கிறதா, உள்பருப்பும் சேர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.

இதைவிட நம்பகமானது ஒரு சின்னத் தராசு. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். தினமும் காலையில், முதல் எச்சம் போட்ட பிறகு, சாப்பிடுவதற்கு முன்னால், ஒரே நேரத்தில் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். 120 கிராம் இருந்த கிளி 108 கிராமுக்கு வந்துவிட்டது என்றால் அது பத்தில் ஒரு பங்கு, அந்த அளவு இறங்கினாலே டாக்டரிடம் ஓட வேண்டும். இறகு உடம்பை மறைத்துவிடும் என்பதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. நோய் வருவதற்கு முன்பே வாரம் ஒரு முறை எடை எழுதிவைத்திருந்தால் இந்த மாதிரி சமயத்தில் பெரிய உதவி. இதுவரை எழுதவில்லை என்றால் இன்றைக்குத் தொடங்குங்கள்.

சாப்பாட்டில் சீர்திருத்தம் செய்ய இது நேரமில்லை. விதை மட்டுமே தின்னும் கிளிக்கு வைட்டமின் ஏ குறையும், ஈரலில் கொழுப்பு சேரும், மாற்றத்தான் வேண்டும், ஆனால் தேறிய பிறகு. இப்போது அதற்கு எது பிடிக்குமோ அதைக் கொடுங்கள், தினைக் கதிர், வெதுவெதுப்பாக வேகவைத்த சோளம், கேரட் என்று எதுவானாலும் சரி. பால், சாக்லேட், காபி, அவகாடோ மட்டும் எந்த நிலையிலும் கூடாது. பாலைச் செரிக்க அதனால் முடியாது, மற்றவை விஷம்.

எச்சத்தையும் தினமும் பாருங்கள், அதற்காகத்தான் வெள்ளைக் காகிதம். பச்சையோ பழுப்போ ஆன கழிவு, வெள்ளையாக ஒரு பகுதி, சுற்றிக் கொஞ்சம் தெளிந்த நீர், இந்த மூன்றும் இருப்பது இயல்பு. வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ மாறினால் ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். தார் மாதிரி கறுப்பாக இருந்தால் உள்ளே ரத்தக் கசிவாக இருக்கலாம். கரும்பச்சையாக, மிகக் கொஞ்சமாக வந்தால் வயிற்றில் சாப்பாடே இல்லை.

மூச்சு விடும்போது வால் ஏறி இறங்கினாலோ, வாயைத் திறந்தபடியே மூச்சு விட்டாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு நாள் முழுக்க எதுவும் உள்ளே போகவில்லை என்றாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். உங்கள் கிளி இரண்டு நாள் மருந்துக்குப் பிறகும் தரையிலேயே இருக்கிறது என்கிறீர்கள். இன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டு, எடையையும் எச்சத்தின் நிறத்தையும் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கிளிக்குக் கிளிக் காய்ச்சல் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. பயமாக இருக்கிறது, கிளியைக் கொடுத்துவிட வேண்டுமா?

பதில்: கொடுத்துவிட வேண்டாம். அதற்கு மருந்து இருக்கிறது, மனிதர்களுக்கும் இருக்கிறது. கிளமைடியா சிட்டசி என்ற பாக்டீரியாவால் வருவது இது, காய்ந்த எச்சத் தூசியையும் இறகுத் தூசியையும் சுவாசிப்பதால்தான் பெரும்பாலும் நமக்குத் தொற்றுகிறது. அதனால் கூண்டுக் காகிதத்தை உலர்ந்தபடியே உதறாதீர்கள், முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு சுருட்டி எடுங்கள். குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள் அந்த அறைக்குள் வர வேண்டாம். யாருக்காவது காய்ச்சல், கடுமையான தலைவலி, வறட்டு இருமல் வந்தால், வீட்டில் உடம்பு சரியில்லாத கிளி இருக்கிறது என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் சாதாரண சளிக் காய்ச்சல் என்று நினைத்துவிடக்கூடும். கிளிக்கு டாக்சிசைக்ளின் வழக்கமாக 45 நாள் கொடுப்பார்கள், அந்த நாட்களில் கணவாய் ஓடு மாதிரி கால்சியம் தரும் பொருள்களை வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கால்சியம் அந்த மருந்தை உடம்பில் சேரவிடாது.

கேள்வி: ஐந்தாம் நாளே கிளி பழையபடி கத்தத் தொடங்கிவிட்டது. மருந்தை நிறுத்திவிட்டு அதன் ஜோடியோடு விடலாமா? தனியாக இருப்பதால் ஏங்குகிறது.

பதில்: இரண்டும் வேண்டாம். அடையாளங்கள் மறைந்த பிறகும் கிருமி மிச்சமிருக்கும், பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும்போது அதே மருந்து கேட்காமல் போகலாம். சூட்டையும் ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள், தினமும் ஒன்றிரண்டு டிகிரியாகக் குறைத்து, ஒவ்வொரு நாளும் எடை இறங்காமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு அடுத்த படி. டாக்டர் மறுபடி பார்த்துச் சரி என்று சொல்லும் வரை ஜோடி வேறு அறையில் இருக்கட்டும், அதற்குத் தீனி வைத்து முடித்த பிறகு நோயாளியிடம் போங்கள், கிண்ணங்களைக் கலக்காதீர்கள். ஏக்கத்துக்கு ஒரு வழி இருக்கிறது: பகலில் கொஞ்ச நேரம் இரண்டு அறைக் கதவுகளையும் திறந்துவைத்தால் ஒன்றின் குரல் மற்றதுக்குக் கேட்கும், கூப்பிட்டால் பதில் வரும்.