ஹவாய் தனி நாடாக இருந்ததாமே, அமெரிக்கா அதை எப்படிப் பிடித்தது?

ஆமாம், ராஜா, ராணி, அரண்மனை என எல்லாம் இருந்த தனி நாடுதான். கதையின் வேர் சர்க்கரையில் இருக்கிறது.

1875-இல் போட்ட ஒப்பந்தப்படி ஹவாய்ச் சர்க்கரை வரியில்லாமல் அமெரிக்கா போனது. கரும்புத் தோட்டங்கள் பெருகின, பெரும்பாலும் வெள்ளையர் கையில். 1887-இல் அவர்களின் ஆயுதக் குழு மன்னர் கலாகௌவாவை மிரட்டி, அரச அதிகாரத்தைக் குறைக்கும் புதிய அரசியலமைப்பில் கையெழுத்து வாங்கியது. அப்புறம் 1890-இல் அமெரிக்கா எல்லா நாட்டுச் சர்க்கரைக்கும் வரியை நீக்கி, உள்நாட்டுச் சர்க்கரைக்கு மட்டும் பவுண்டுக்கு 2 சென்ட் மானியம் தந்தது. ஹவாயின் சலுகை காலி! இணைந்துவிட்டால் மானியம் நமக்கும்தானே என்று சிலர் கணக்குப் போட்டார்கள்.

1893 ஜனவரியில், கலாகௌவாவுக்குப் பின் ஆட்சிக்கு வந்த ராணி லிலியுஒகலானி அரச அதிகாரத்தை மீட்கப் பார்த்தார். உடனே ‘பாஸ்டன்’ போர்க்கப்பலிலிருந்து 160-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் ஹொனலுலுவில் இறங்கி அரண்மனைக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் சுடவே தேவைப்படவில்லை. ராணி எதிர்ப்பைப் பதிவுசெய்துவிட்டு விலகினார்.

அதிபர் கிளீவ்லாந்து இது தவறு என்றார், இணைப்பை ஏற்கவில்லை. 1897-இல் ஹவாய் மக்கள் 21,000-க்கும் மேல் கையெழுத்துப் போட்டு மனு அனுப்ப, அமெரிக்க செனட்டில் இணைப்பு ஒப்பந்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை. ஆனால் 1898-இல் ஸ்பெயினோடு போர் வந்தது. ஸ்பெயின் வசமிருந்த பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குப் போகும் கப்பல்களுக்கு நடுவழியில் நிலக்கரி வேண்டுமே! சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று, இணைப்பை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றும் கூட்டுத் தீர்மானமாக்கி முடித்துவிட்டார்கள். குறுக்குவழி என்றுதான் சொல்வேன்.

இதற்கு நடுவே, ஆட்சியைப் பிடித்தவர்கள் 1895-இல் ராணியைச் சொந்த அரண்மனையிலேயே ஓர் அறையில் மாதக்கணக்கில் அடைத்துவைத்திருந்தார்கள். அங்கே அவர் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை இன்றும் அந்த இயோலானி அரண்மனையில் இருக்கிறது.