வெட்டி எறியத்தான் எழுதுகிறதா செல்?

கேள்வி: ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை செல் நீளமாக எழுதிவிட்டு, பாதியை வெட்டி எறிகிறது என்று எங்கள் மிஸ் சொன்னார். தேவையான அளவுக்கே எழுதினால் என்ன?
– பிளஸ் டூ மாணவி, பாளையங்கோட்டை

பதில்: ரைபோசோம் என்பது செல்லில் புரதம் கட்டும் எந்திரம்; ஆர்.என்.ஏ.வும் புரதங்களும் சேர்ந்தது. டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. நகலெடுப்பதைத்தான் ‘எழுதுவது’ என்கிறோம். மிஸ் சொன்ன கணக்கு ஏறக்குறைய சரிதான். மனித செல்லின் நியூக்ளியோலஸில் (உட்கருவுக்குள் ரைபோசோம் தயாராகும் இடம்) எழுதப்படும் 47எஸ் இழை சுமார் 13,000 நியூக்ளியோடைடு, அதாவது எழுத்து, நீளம் (எஸ் என்பது மையவிலக்கியில் படியும் வேகத்தின் அளவு). கடைசியில் தேறுவது 18எஸ், 5.8எஸ், 28எஸ் என்ற மூன்று துண்டு. கூட்டினால் 7,100 வரும். மிச்சத்தை செல்லே சிதைத்துவிடுகிறது.

‘ஒரே இழையாக எழுதினால் மூன்றும் சம எண்ணிக்கையில் கிடைக்கும்’ என்று கைடுகளில் போட்டிருப்பார்கள். பரீட்சைக்கு அது போதும்; எனக்குப் போதவில்லை. நாலாவது துண்டான 5எஸ்-ஐ வேறொரு பாலிமரேஸ் (எழுதும் நொதி) தனியாகத்தான் எழுதுகிறது. அது வந்து சேர்ந்துகொள்ளவில்லையா?

என் கட்சி இது: வெட்டப்படும் பகுதி கட்டடத்துக்குக் கட்டும் சாரம். இழையின் முன்பகுதியில் யு3 என்ற குட்டி ஆர்.என்.ஏ. ஜோடி சேர்ந்து, 18எஸ் அவசரப்பட்டு மடிந்துவிடாமல் பிடித்துவைக்கிறது. இழை எழுதி முடிவதற்குள்ளேயே புரதங்கள் ஏறத் தொடங்கிவிடும். உதவிக்கு வந்து போகும் புரதங்கள் மட்டும் 200-க்கு மேல்!

எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசி வெட்டு. ரைபோசோம் சிறியது, பெரியது என்று இரண்டு துணையலகுகள் சேர்ந்தது. ஈஸ்ட்டில் சிறிய துணையலகு, 18எஸ் ஆகப்போகும் வால் நீண்ட 20எஸ் ஆர்.என்.ஏ.வோடு உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்துக்கு வருகிறது. எம்.ஆர்.என்.ஏ. (புரதத்துக்கான செய்தி ஏந்தும் ஆர்.என்.ஏ.) இல்லாமலே பெரிய துணையலகோடு ஒருமுறை சேர்ந்து பார்க்கிறது. பொருத்தம் சரியாக இருந்தால்தான் நாப்1 என்ற நொதி வாலை நறுக்கும்.

நான் லேபில் இருந்த காலத்தில் செல்லின் மொத்த ஆர்.என்.ஏ.வை, நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினால், யூ.வி. விளக்கில் இரண்டே பட்டை பளிச்சென்று தெரியும்: மேலே 28எஸ், கீழே 18எஸ். பாதி வெட்டிய இடைத்துண்டுகள் கண்ணில் படாது, அவ்வளவு சொற்பம். ரேடியோ பாஸ்பரஸ் ஏற்றிய புரோப் (தேடும் இழையோடு ஒட்டிக்கொள்ளும் துண்டு) போட்டு, எக்ஸ்ரே ஃபிலிமை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தால்தான் மங்கலாக வரும். ஃபிலிம் கழுவும் இருட்டறை வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

வெட்டு தடைப்பட்டால் நோய்தான். டைமண்ட்-பிளாக்ஃபேன் ரத்தசோகை உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஆர்.பி.எஸ்.19 என்ற ரைபோசோம் புரதத்தின் ஜீனில் கோளாறு. 18எஸ் தயாராவது பாதியில் நின்றுவிடுகிறது.

கேள்வி: சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு நோபல் கிடைத்தது இதற்குத்தானா?
– அதே மாணவி

பதில்: இல்லை. கட்டி முடித்த ரைபோசோம் எப்படி இருக்கிறது என்று காட்டியதற்கு. 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடும் பகிர்ந்துகொண்டார். அவர் குழு ஆராய்ந்தது தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற வெந்நீர் ஊற்று பாக்டீரியாவின் சிறிய துணையலகை. நம் 18எஸ், 28எஸ் இரண்டுக்கும் ஈடாக பாக்டீரியாவில் இருப்பவை 16எஸ், 23எஸ். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா இரண்டையும் ஒரே இழையில் எழுதி நறுக்குகிறது. தெர்மஸோ தனித்தனியாகவே எழுதுகிறது. சம எண்ணிக்கைக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று உங்கள் மிஸ்ஸிடம் கேட்டு எழுதுங்களேன்.