சிறிய மலைவீடு, பெரிய குடும்பம்: படுக்கை ஏற்பாடு குறித்த கேள்வி பதில்

கொடைக்கானலைச் சுற்றியுள்ள வில்பட்டி, அட்டுவம்பட்டி, பள்ளங்கி பகுதிகளில் விடுமுறைக்கு வாடகைக்கு விடப்படும் வீடுகளைப் பராமரித்து வருபவர், உறவினர்களோடு மலைக்கு வரவிருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி (மதுரை): தாத்தா, பாட்டி, மூன்று தம்பதியர், மூன்று பிள்ளைகள் என நாங்கள் 11 பேர். வீட்டில் 12 அடிக்கு 10 அடியில் இரண்டு அறைகளும் ஒரு கூடமும் உள்ளன. கழிப்பறை ஒன்றுதான், அதுவும் ஓர் அறைக்குள் இருக்கிறது. கட்டில்களை வெளியேற்றிவிட்டு எல்லோரும் தரையில் படுத்தால் இடம் போதுமா?

பதில்: கட்டிலை எடுப்பதால் நீங்கள் எதிர்பார்க்கும் இடம் கிடைக்காது. ஒருவர் புரண்டு படுக்க இரண்டரை அடி அகலம் வேண்டும் என்று கொண்டால், 12 அடிச் சுவரையொட்டித் தலைவைத்து நான்கு பேர் படுக்கலாம். 2 அடி மிஞ்சும். அதே சுவரின் மூலையில் 5 அடி அகலக் கட்டிலைத் தள்ளிப் போட்டால் அதில் இருவரும் பக்கத்துத் தரையில் இருவரும் படுத்த பிறகும் அதே 2 அடிதான் மிஞ்சுகிறது. ஆள் கணக்கு மாறவில்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் பெட்டிகளைத் தள்ளிவிடலாம். சிறிய வீட்டில் ஆட்களைவிடப் பெட்டிகளே அதிக இடத்தை அடைக்கின்றன என்பது என் எண்ணம்.

கால்மாட்டில் ஏறக்குறைய நான்கடி இடம் மீதமிருக்கும். அங்கே ஒரு பிள்ளையைக் குறுக்கே படுக்க வைக்கலாமே என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். கழிப்பறை உள்ள அறையில் அதற்கு இணங்காதீர்கள். 11 பேருக்கும் இரவில் அதுவே வழி. யார் எங்கே படுப்பது என்பதை அந்த வழியிலிருந்துதான் முடிவு செய்ய வேண்டும். இரவில் அடிக்கடி எழும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அந்த அறையின் கட்டிலைக் கொடுத்து, தரையில் ஒரு தாயையும் கடைக்குட்டியையும் படுக்கச் சொல்லுங்கள். அடுத்த அறையில் மற்ற இரு தாய்மார்களும் இரு பிள்ளைகளும், கூடத்தில் ஆண்கள் மூவரும் படுக்கலாம். மூன்று தம்பதியருக்கும் தனியறை என்பது இந்த வீட்டில் நடக்காத காரியம். அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டால் மனத்தாங்கல் இராது. நடைவழியில் இரவு முழுவதும் ஒரு ஜீரோ வாட்ஸ் விளக்கு எரியட்டும்; மின்சாரம் போனால் உதவ, தலைமாட்டில் ஒரு டார்ச்சும் இருக்கட்டும்.

கேள்வி (திருச்சி): சென்ற முறை தரையில் மெத்தை போட்டு மூன்று கம்பளிகளைப் போர்த்திக்கொண்டும் முதுகு சில்லிட்டுப் போனது. ஏன்?

பதில்: ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ஊரில் சிமென்ட் தரையும் டைல்ஸ் தரையும் இரவெல்லாம் உடற்சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். போர்வைக்குள் தங்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. உடற்பாரத்தால் மெத்தை அமுங்கும்போது அதிலுள்ள காற்று வெளியேறிவிடுவதால், மேலே எத்தனை போர்த்தினாலும் கீழிருந்து வரும் குளிர் குறையாது. எனவே தரையில் கோரைப்பாய், அதன்மேல் ஜமக்காளம், அதன்மேல் மெத்தை என விரித்து, மூன்று கம்பளிகளில் ஒன்றை மெத்தைமேல் விரித்துப் படுங்கள். வெளிச்சுவர் ஈரம் காக்குமாதலால் மெத்தைக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். காலையில் மெத்தையைத் தூக்கிச் சாய்த்து வைக்காவிட்டால், அடியில் கோத்த ஈரத்தில் மறுநாள் இரவு படுக்க நேரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இவை எதுவும் பயன்படாது. தரையிலிருந்து எழுவதே அவர்களுக்குச் சிரமம் என்பதால் கட்டில்தான் வேண்டும்.

கேள்வி (திண்டுக்கல்): ஏழு மாதக் குழந்தையை எங்கள் நடுவில், ஒரே ரஜாய்க்குள் படுக்க வைக்கலாமா?

பதில்: கூடாது. கனத்த ரஜாய் முகத்தில் சரிந்தால் அதை விலக்கக் குழந்தைக்குத் தெரியாது. உங்கள் படுக்கைக்கு அருகிலேயே தனியாக, சமமான, கெட்டியான விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையணை வைக்காமல், போர்வைக்குப் பதிலாக அடுக்கடுக்காக உடை அணிவியுங்கள். புடவைத் தொட்டில் கட்ட எண்ணினால் மேலே பார்த்துக்கொள்ளுங்கள். இங்குள்ள பல வீடுகளில் தெரிவது தகரக் கூரைக்குக் கீழே அடித்த வெறும் பிளைவுட் பலகை, உத்தரம் அன்று.

கேள்வி (சென்னை): கூடத்தில் படுப்பவர்களுக்காக ஹீட்டர் கொண்டுவரலாமா? பார்பெக்யூ கரி அடுப்பை உள்ளே வைத்தால் போதும் என்கிறார் என் மைத்துனர்.

பதில்: மைத்துனரிடம் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அணைந்ததுபோல் தோன்றும் கரியும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு மணமோ நிறமோ இல்லாததால் உறங்குபவருக்கு எதுவும் தெரியாது. அடைத்த அறையில் கரி அடுப்போடு உறங்கிய சுற்றுலாப் பயணிகள் இந்த மலையிலேயே இறந்திருக்கிறார்கள். மின் ஹீட்டர் கொண்டுவரலாம். 2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்குமாதலால், அதை 6 ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ செருகாமல், 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் செருக வேண்டும். கீசர் ஓடும்போது ஹீட்டரை நிறுத்திவிடுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டு, உறங்கும்போது அணைப்பதே போதுமானது. பலர் மூச்சுவிடும் அறையில் சன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் கண்ணாடியில் நீர் கோக்காது.

கேள்வி (கோவை): இளைஞர்கள் நால்வர் முற்றத்தில் கூடாரம் அடித்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். காட்டெருமைகள் இரவில் வீட்டுத் தோட்டங்களுக்குள் சாதாரணமாக வந்து மேய்கின்றன. வேலி இருக்கிறது என்று நம்பி வராந்தாவில் படுப்பதையும் நான் அனுமதிப்பதில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): ஏணி வைத்த பரணில் 4 வயது, 9 வயதுப் பிள்ளைகளைப் படுக்க வைக்கலாமா?

பதில்: விளிம்பில் உறுதியான தடுப்பு இருந்தால் மூத்தவரை மட்டும். சூடான காற்று மேலே போவதால் வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான்; இருந்தாலும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை தூக்கக் கலக்கத்தில் ஏணியில் இறங்குவது ஆபத்து.

கேள்வி (காரைக்குடி): சம்பந்தி வீட்டாரும் எங்களோடு வருகிறார்கள். கட்டிலை யாருக்குக் கொடுப்பது? என் மாமனாரின் குறட்டை வேறு கவலையளிக்கிறது.

பதில்: மரத்தடுப்பு அறைகளில் குறட்டை அப்படியே அடுத்த அறைக்குக் கேட்கும், அவருக்குக் கூடத்தில் சமையலறைச் சுவரோரம் ஒற்றைக் கட்டில் போட்டு, மற்றவர்கள் முதலில் உறங்கட்டும் என்று அவரிடமே சொல்லிவிடலாம், பெரும்பாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். சம்பந்திகளுக்கு அறைக் கட்டிலைக் கொடுப்பதே முறை. உங்கள் பக்கத்தில் மூட்டுவலிக்காரர் இருந்தால் மட்டும் அதை மாற்றுங்கள், காரணத்தையும் சொல்லிவிடுங்கள். எதுவாயினும் யாருக்கு எந்த இடம் என்பதை ஊரிலிருந்து புறப்படும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுங்கள். பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்த பிறகு தொடங்கும் “நீங்கள் மேலே படுங்கள், நாங்கள் கீழே படுக்கிறோம்” என்ற உபசாரம் நள்ளிரவானாலும் முடியாது.