உனக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்

வணக்கம் அம்மா,

இயந்திர வடிவமைப்புப் பிரிவு ஒன்றுக்குத் தலைவராக இருக்கிறேன். பிரிவில் 14 பேர், அதில் பெண்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருக்குக் காது சரியாகக் கேட்காது. ஹியரிங் எய்டு வைத்திருக்கிறார், உதட்டசைவைப் பார்த்தும் புரிந்துகொள்வார். டிராயிங்கில் அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு பிழை போகாது. தொழிற்சாலையில் இயந்திரத்தை நிறுவி ஓட்டிக் காட்டும் கமிஷனிங் வேலைக்கு மட்டும் அவரை நான் அனுப்பியதில்லை. சத்தமான இடம், அலாரம் அடித்தால் கேட்காது, திரும்ப ராத்திரியாகும், அவருக்கு ஏன் சிரமம் என்றுதான்.

போன வாரம் அப்ரைசல். 'களப்பணி அனுபவம் போதாது' என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நீங்க அனுப்பவே இல்லையே சார்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நல்லது நினைத்துத்தான் செய்தேன். இதற்கிடையில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சம வாய்ப்பு என்று நிர்வாகம் ஒரு குழு போட்டு, என்னையும் அதில் சேர்த்திருக்கிறது. எங்கிருந்து தொடங்க? அப்ரைசல் படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

அவர் கேட்டதை மழுப்பாமல் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் உங்களைப் போன்ற ஒரு மேலதிகாரி இருந்தார். தங்கமான மனிதர். இரவு முழுக்க நடக்கும் சோதனை ஓட்டங்களுக்குப் பட்டியல் போடும்போதெல்லாம் என் பெயரைத் தாண்டிப் போய்விடுவார். "உனக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்? பசங்க பாத்துப்பாங்க" என்பார். முதல் சில மாதங்கள் எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மூன்று வருடம் கழித்து ஒருநாள் ஒரு பம்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். என்னோடு சேர்ந்த பையன் அதன் பேரிங்கை மூடியிருக்கும் உறையின் மேல் உள்ளங்கையை வைத்தான். ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. "இது ஒரு வாரம் தாங்காது" என்றான். நானும் கையை வைத்துப் பார்த்தேன். சூடு தெரிந்தது, அதிர்வு தெரிந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் தெரியவில்லை. அந்த வருடப் பதவி உயர்வு அவனுக்குப் போனது. நியாயமாகத்தான் போனது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த மூன்று வருடத்தில் ஒருவர்கூட எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. உங்கள் பிரிவிலும் அதே கதைதான் நடந்திருக்கிறது. வேலையைக் கொடுக்காமல் இருந்துவிட்டு, அந்த வேலையில் அனுபவம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். உங்கள் குழு பேசவேண்டிய முதல் விஷயம் இது என்பதால் சொல்கிறேன்.

சரி, அலாரத்துக்கு வருவோம். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் கமிஷனிங் நடக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். சத்தம் அளவைத் தாண்டினால் எல்லோரும் காதுக் கவசம் போட்டாக வேண்டும். அங்கே நின்று பேசினால் யாருக்குக் கேட்கிறது? கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே நிற்பவர் கையால்தான் சைகை காட்டுகிறார். அபாயச் சங்கோடு சுழல் விளக்கும் வைப்பது இதற்காகத்தான். அப்படி விளக்கு இல்லாத கூடம் கவசம் போட்ட எல்லோருக்குமே ஆபத்தான கூடம். விளக்கு எங்கெங்கே மறைகிறது என்று போய்ப் பாருங்கள். அந்த இடங்களில் அதிரும் பேஜர் கொடுக்கலாம், கூட ஒருவரை ஜோடியாக நிறுத்தலாம். கவசத்துக்கு அடியில் ஹியரிங் எய்டு வீலென்று கத்தக்கூடும். அவருக்கு எது சரிப்படும் என்று அவரிடமே கேளுங்கள். இத்தனை வருடம் அந்தக் காதோடு வாழ்ந்தவர் அவர்தானே.

ராத்திரியாகும் என்பதற்கு வண்டி ஏற்பாடு செய்யவேண்டும், எல்லோருக்கும். பெண்களுக்கு டாய்லெட் இல்லாத இடம் என்றால் அங்கே ஒரு கட்டுமான வேலை பாக்கி இருக்கிறது. பெண்ணை அனுப்பாமல் இருக்க அது காரணமாகாது. கையுறை, பாதுகாப்பு பெல்ட் எல்லாம் அவர் அளவுக்கு வாங்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். விரல் நுனியில் அரை அங்குலம் தொங்கும் கையுறை சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பாதுகாப்பு ஆகாது.

ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். நியூயார்க்கின் புரூக்ளின் பாலம் கட்டும்போது தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங். ஆற்றுக்கடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் இறங்கி வேலை பார்த்ததில், 1872இல் உடல் முடங்கிப்போனது. அதன்பிறகு வேலை நடக்கும் இடத்துக்கு அவரால் போக முடியவில்லை. வீட்டு ஜன்னலிலிருந்தே பார்த்துக் குறிப்புகள் சொன்னார். அவருடைய மனைவி எமிலி அதை எழுதினார். அதோடு நிற்கவில்லை. கணிதம், பொருட்களின் வலிமை, கம்பிவட அமைப்பு எல்லாம் படித்துக்கொண்டு, வேலை நடக்கும் இடத்துக்குத் தினம் போய் உதவிப் பொறியாளர்களோடு பேசினார். 1882இல் ரோப்ளிங்கை நீக்கவேண்டும் என்று ஒரு முயற்சி நடந்தது, பலிக்கவில்லை. 1883 மே மாதம் பாலம் திறந்தபோது உலகிலேயே நீளமான தொங்குபாலம் அது. தலைமைப் பொறியாளர் அப்போதும் ரோப்ளிங்தான்.

வேலை நடக்கும் விதத்தை மாற்றியதால் நடக்க முடியாத ஒருவர் பொறுப்பில் நீடித்தார். களத்தில் நின்று வேலை பார்த்த பெண்ணுக்கோ கடைசிவரை ஒரு பதவி இல்லை. எமிலியின் பெயரையும் தாங்கிய பலகையை ஒரு பொறியாளர் சங்கம் பாலத்தில் வைத்தது 1951இல். இரண்டு அநியாயத்தில் ஒன்றை அன்றைக்கே சரிசெய்ய முடிந்திருக்கிறது, இன்னொன்றை யாரும் சரிசெய்யவேயில்லை. உங்கள் குழுவில் பெண்களுக்கு ஒரு திட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு திட்டம் என்று தனித்தனியாகப் போடத் தொடங்கினால், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இந்தப் பெண் விடுபட்டுப் போவார். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கென்றே 6ஆவது பிரிவை வைத்தது இதனால்தான். தேவையான ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடுதான் என்றும் அது சொல்கிறது.

அப்புறம், உங்கள் கூட்டங்கள். அடுத்த கூட்டத்தில் கொஞ்சம் பின்னால் உட்கார்ந்து அவரை மட்டும் கவனியுங்கள். ஒருவர் மார்க்கரை எடுத்துப் பலகைக்குத் திரும்பி எழுதிக்கொண்டே பேசுவார். அந்த நேரம் முழுக்க அவருக்குத் தெரிவது ஒரு முதுகு. யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், ஒரு நொடி தள்ளி. உதட்டைப் படிப்பது நாம் நினைக்கிற மாதிரி சுலபம் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று 'பாடு', 'மாடு' என்று சத்தம் வராமல் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். மிச்சத்தையெல்லாம் அவர் ஊகித்து நிரப்புகிறார், நாள் முழுக்க. மாலையில் வரும் களைப்பு அதிலிருந்துதான்.

எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். ஒருவர் பேசும்போது ஒருவர் மட்டும் பேசட்டும். ஆன்லைன் கூட்டத்தில் கேப்ஷனைப் போடுங்கள், ஆனால் தொழில்நுட்பச் சொற்களை அது கன்னாபின்னா என்று எழுதும், அதனால் வரைபட எண்களையும் அளவுகளையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். முடிவுகளை அன்றே எழுதி எல்லோருக்கும் அனுப்பவேண்டும். மினிட்ஸ் எழுதும் வேலை இப்போது யாரிடம் இருக்கிறது? உங்கள் பிரிவின் இன்னொரு பெண்ணிடம் இருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. 14 பேரும் முறைவைத்து எழுதுங்கள், நீங்களும்தான்.

குழு முதலில் கையில் எடுக்கவேண்டிய காகிதம் ஒன்றே ஒன்று: கடந்த இரண்டு வருடத்தில் எந்த வேலை யாருக்குப் போனது என்ற பட்டியல். போஸ்டர், உறுதிமொழி, சிறப்புரை எல்லாம் பிறகு வரட்டும். பட்டியலைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த கமிஷனிங் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. தேதி தெரிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "போக முடியுமா" என்று கேட்காமல், "போவதற்கு என்னென்ன ஏற்பாடு வேண்டும்" என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அது அவர் முடிவு. அப்ரைசலில் எழுதிய அந்த வரியை எடுத்துவிட்டு, 'களப்பணிக்கு அனுப்பப்படவில்லை' என்று எழுதுங்கள். அவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்.