டிஸ்னி வேர்ல்டுக்கு ஜோடியாகப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஃப்ளோரிடாவில் ஓர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு, பிள்ளைகள் இல்லாமல் கணவன் மனைவி மட்டும் போவது பற்றி வந்த கேள்விகள் இவை. அங்கே நாலு கேளிக்கைப் பூங்காக்கள் (பார்க்): மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம். சொல்லியிருக்கும் டிக்கெட் விலைக்கு மேல் வரி தனி.

கேள்வி: அக்கா, எங்க கைல அஞ்சு நாள்தான் இருக்கு. நாலு பார்க்கையும் பார்த்தே ஆகணும்னு வீட்டுக்காரர் ஒத்தக் கால்ல நிக்கிறார். அஞ்சு நாள் டிக்கெட் எடுக்கவா? பார்க் ஹாப்பர் சேர்க்கணுமா?

பதில்: நாலு நாள் டிக்கெட் போதும். வந்து இறங்கும் நாளுக்கு டிக்கெட் வேண்டாம். விமானம், பெட்டி, அறை என்று மதியம் மூன்றாகிவிடும். 4 நாள் டிக்கெட்டைத் தொடக்க நாளிலிருந்து 7 நாளுக்குள் எந்த நாலு நாளில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அதனால் ஐந்தும் முழு நாள் என்றால் மூன்றாம் நாளை ஓய்வுக்கு விடுங்கள். ஓய்வு என்ன கேடு என்று வீட்டுக்காரர் கேட்பார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு மூன்றாம் நாள் காலையில் அவரே சொல்வார்.

ஒரு நாள் டிக்கெட் 2025இல் 119 டாலரில் தொடங்கி, கூட்டமான தேதியில் மேஜிக் கிங்டமுக்கு 199 வரை போனது. நாள் கூடக் கூட, ஒரு நாளுக்கு விழும் தொகை இறங்கும்.

ஹாப்பர் என்பது ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட பார்க்குக்குள் நுழையும் அனுமதி. 2024 ஜனவரி 9 முதல் எந்த நேரத்திலும் மாறலாம். இரண்டு மூன்று நாளில் நாலையும் முடிக்க வேண்டியவர்களுக்குத்தான் அது உதவும். அனிமல் கிங்டம் பெரும்பாலும் மற்ற மூன்றையும்விடச் சீக்கிரம் மூடிவிடும், அங்கிருந்து எப்காட்டுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் போகலாம். நாலு நாள் இருப்பவர்கள் அந்தப் பணத்தை ஹோட்டலில் போடுவதே மேல்.

கேள்வி: எந்த ஹோட்டல்? டிஸ்னி ஹோட்டலுக்கு அவ்வளவு கொடுப்பது வீண் என்கிறார்களே. எங்களுக்குத் தேவை ஒரு கட்டில், ஒரு குளியலறை, அவ்வளவுதான்.

பதில்: வீணா இல்லையா என்பது அறையைப் பொறுத்தது இல்லை, போக்குவரத்தைப் பொறுத்தது. டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் எந்த பார்க்கிலும் தினமும் 30 நிமிடம் முன்னதாக நுழையலாம், லைட்னிங் லேனை (காசு கொடுத்து க்யூவைக் குறைக்கும் வழி, கீழே சொல்கிறேன்) 7 நாள் முன்பே புக் செய்யலாம் (வெளியில் தங்கினால் 3 நாள்தான்), பார்க் பார்க்கிங்குக்குக் காசு இல்லை. வாடகையை ஒப்பிடும்போது இவற்றையும் கணக்கில் சேருங்கள்.

வேல்யூ எனப்படும் வாடகை குறைந்த வகையில் பாப் செஞ்சுரிதான் என் தேர்வு. அங்கிருந்து ஸ்கைலைனர் என்ற ரோப் கார் எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் போகிறது. நடுவில் கரீபியன் பீச் நிலையத்தில் மாற வேண்டும். ஆல் ஸ்டார் ஹோட்டல்களில் எல்லாவற்றுக்கும் பஸ்தான். பாப் செஞ்சுரி அறையில் ஒரு குயின் கட்டில் நிலையானது. இரண்டாவது கட்டில் சுவரிலிருந்து இறங்கி மேஜையின் மேல் உட்காரும். ஜோடிக்கு அந்த இரண்டாவதை இறக்கத் தேவையே இல்லை, மேஜையும் தரையும் மிச்சம்.

கையில் கொஞ்சம் தாராளம் இருந்தால் போர்ட்வாக், யாட் கிளப், பீச் கிளப். இவற்றிலிருந்து எப்காட்டின் பின்வாசலுக்கு (இன்டர்நேஷனல் கேட்வே) பத்து நிமிட நடை. இரவு வாணவேடிக்கை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் முன்வாசலில் பஸ்ஸுக்கும் மோனோரயிலுக்கும் அல்லாடும்போது நீங்கள் ஏரிக்கரையில் நடந்தே அறைக்குப் போய்விடலாம்.

ஆபீஸ் பயணங்களில் மேரியட் பாயின்ட் சேர்த்தவர்கள் பக்கத்திலேயே இருக்கும் ஸ்வான், டால்ஃபின் ஹோட்டல்களைப் பாருங்கள். அவை மேரியட் கணக்கில் வரும், முன் நுழைவும் 7 நாள் புக்கிங்கும் அங்கேயும் உண்டு. ஆனால் ரிசார்ட் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம் இரண்டும் தனி. டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் இந்த இரண்டும் கிடையாது.

கேள்வி: லைட்னிங் லேன் சுத்தமா புரியல. மல்ட்டி பாஸ், சிங்கிள் பாஸ், டியர்னு ஆளுக்கொன்னு சொல்றாங்க. இந்தியாவிலிருந்து போறோம், எப்போ எதை அழுத்தணும்னு மட்டும் சொல்லுங்க.

பதில்: இது காசு கொடுத்து க்யூவைக் குறைத்துக்கொள்ளும் முறை. மல்ட்டி பாஸ் என்றால் ஒரு நாளுக்கு ஒரு தொகை, பல ரைடுகள். சிங்கிள் பாஸ் என்றால் ஒரே ஒரு பெரிய ரைடுக்குத் தனித் தொகை. ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், ஃப்ளைட் ஆஃப் பாசேஜ், காஸ்மிக் ரீவைண்ட் போன்றவை இதில் வரும். விலை தேதிக்குத் தேதி, பார்க்குக்கு பார்க் மாறும்.

முதலில் இருவரின் டிக்கெட்டையும் மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் ஆப்பில் ஒரே கணக்கில் இணையுங்கள். கார்டு விவரத்தையும் முந்தின நாளே சேமித்துவிடுங்கள். டிஸ்னி ஹோட்டல் என்றால், செக் இன் தேதிக்கு 7 நாள் முன்பு ஓர்லாண்டோ நேரம் காலை 7 மணிக்கு, தங்கும் நாட்கள் அத்தனைக்கும் சேர்த்துத் திறக்கும். இந்தியாவில் அது கோடையில் மாலை 4.30, அங்கே கடிகாரத்தைத் திருப்பிய பிறகு (நவம்பர் தொடக்கம் முதல் மார்ச் நடு வரை) 5.30. இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

திறந்ததும் மூன்று ரைடு தேர்வு செய்யலாம். அனிமல் கிங்டம் தவிர மற்ற மூன்று பார்க்கிலும் ரைடுகள் இரண்டு பிரிவாக (இதைத்தான் டியர் என்கிறார்கள்) இருக்கும்: முதல் பிரிவில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு. ஹாலிவுட் ஸ்டுடியோஸில் ஸ்லிங்கி டாக் டாஷ் முதலில் பறந்துவிடும், அதை முதலில் பிடியுங்கள்.

இனி முக்கியமான விஷயம். மூன்றில் முதல் ரைடின் வாசலில் ஸ்கேன் செய்து நுழைந்த பிறகுதான் நாலாவதை எடுக்க முடியும். அந்த நாலாவதற்குப் பிரிவுக் கட்டுப்பாடு கிடையாது. மூன்றையும் மதியம் ஒன்று, மூன்று, ஐந்து என்று வைத்துக்கொண்டால் மதியம் வரை புதிதாக ஒன்றும் எடுக்க முடியாது. அதற்குள் நல்லதெல்லாம் தீர்ந்துவிடும். எனவே சின்ன ரைடாக இருந்தாலும் ஒன்றைக் காலை 9, 10 மணிக்குள் வையுங்கள். ஸ்கேன் ஆனவுடன் நடந்துகொண்டே அடுத்ததை எடுங்கள். இரண்டு பேருக்கு இடம் கிடைப்பது ஐந்து பேருக்குக் கிடைப்பதைவிட எளிது, திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் இடையிடையே விழும்.

எல்லா பார்க்குக்கும் இதை வாங்காதீர்கள். மேஜிக் கிங்டமுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் வாங்கலாம். அனிமல் கிங்டமில், முன் நுழைவுக்கு அரை மணிக்கு முன்பே வாசலில் நின்று ஃப்ளைட் ஆஃப் பாசேஜை முதலில் முடித்துவிட்டால் மற்றவை தானாக நடக்கும்.

கேள்வி: சிங்கிள் ரைடர் வரிசைன்னு ஒண்ணு இருக்காமே, அதுல ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார முடியுமா?

பதில்: முடியாது. காலி இருக்கையை நிரப்பத்தான் அந்த வரிசை. ஆனால் அனிமல் கிங்டமின் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் ரைடில் ஐந்து நிமிடம் பிரிந்திருந்தால் ஒரு மணி நேர க்யூ மிச்சமாகலாம். முதல் தடவை சேர்ந்து போங்கள், இரண்டாம் தடவைக்கு இந்த வரிசை. ஹாலிவுட் ஸ்டுடியோஸின் மில்லேனியம் ஃபால்கன் விண்கல ரைடில் இந்த வரிசையில் போனால் விமானி இருக்கை கிடைப்பது அபூர்வம், பின்வரிசை எஞ்சினியர் வேலைதான் வரும்.

கேள்வி: எங்கள் கல்யாண நாள் அங்கே வருகிறது. இருவரும் சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. பர்கரும் ஃப்ரைஸும் தவிர வேறு கதி உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. மெனுவில் இலைச் சின்னம் போட்டிருந்தால் பிளான்ட் பேஸ்ட்: இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் இல்லாமல் செய்தது. வெறும் வெஜிடேரியன் என்று எழுதியிருந்தால் முட்டை இருக்கலாம். சூப் என்றால் எந்தச் சாறில் வைத்தது, ஃப்ரைஸ் என்றால் கோழி பொரித்த எண்ணெயா என்று கேளுங்கள்; தயங்க வேண்டாம், பரிமாறுபவருக்குத் தெரியாவிட்டால் சமையற்காரரையே அழைத்து வருவார்கள்.

கல்யாண நாளுக்கு என் பரிந்துரை அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி வில்லேஜில் இருக்கும் சனா. இந்திய வாசனை அடிக்கும் ஆப்பிரிக்கச் சமையல். அங்கே பிரெட் சர்வீஸ் கேட்டால் நான், குல்சா வகை ரொட்டிகளோடு ஒன்பது தொடுகறி வரும், அதுவே இருவருக்கு முக்கால் சாப்பாடு. ரொட்டியில் முட்டை உண்டா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். ஆகவே இருட்டும் முன் போய்ச் சேருங்கள், எட்டு மணிக்கு புக் செய்தால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும்.

உணவக புக்கிங் 60 நாள் முன்பு, ஓர்லாண்டோ நேரம் காலை 6 மணிக்குத் திறக்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் செக் இன் தேதிக்கு 60 நாள் முன்பே, தங்கும் நாட்களில் பத்து நாள் வரைக்கும் சேர்த்து எடுக்கலாம். போகாமல் விட்டால் பெரும்பாலான இடங்களில் ஆளுக்கு 10 டாலர் பிடிப்பார்கள். கல்யாண நாள் பேட்ஜ் ஹோட்டல் வரவேற்பிலும் கெஸ்ட் ரிலேஷன்ஸ் எனும் பார்க் உதவி மையத்திலும் இலவசம். வாழ்த்துக் கட்டாயம் கிடைக்கும். இலவசக் கேக்கை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கேள்வி: ஆகஸ்ட் கடைசியில் போகிறோம். மழையில் எல்லாம் மூடிவிடுவார்களா?

பதில்: மழைக்கு மூட மாட்டார்கள், மின்னலுக்கு நிறுத்துவார்கள். மின்னல் சுற்றுவட்டாரத்தில் வந்தாலே ஸ்லிங்கி, ட்ரான், எவரெஸ்ட், டெஸ்ட் ட்ராக் போன்ற திறந்தவெளி ரைடுகள், ஸ்கைலைனர், நீச்சல் குளம் எல்லாம் நிற்கும். கோடையில் இது பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். எனவே வெளி ரைடுகளைக் காலையில் முடித்து, பிற்பகலுக்கு உள்ளரங்க விஷயங்களை வையுங்கள். எப்காட்டில் தி லேண்ட், தி சீஸ் (கடல்கள்) கட்டடங்களில் மட்டும் இரண்டு மணி நேரம் போகும். மழைக்கோட்டு வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். மழை விட்டதும் பாதிக் கூட்டம் கிளம்பியிருக்கும், நீங்கள் கிளம்பாதீர்கள்.

இன்னொன்று. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சில இரவுகளில் மேஜிக் கிங்டமில் ஹாலோவீன் பார்ட்டி நடக்கும். அதற்குத் தனி டிக்கெட். சாதாரண டிக்கெட்காரர்களை அன்று மாலை 6 மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். வாணவேடிக்கை வேண்டுமென்றால் அந்தத் தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள். ரைடு மட்டும் போதும் என்றால் அதே தேதிகளின் பகலில்தான் கூட்டம் குறைவு.

கேள்வி: மனைவிக்கு ஐந்தாம் மாதம். டாக்டர் பயணத்துக்குச் சரி சொல்லிவிட்டார். அவருக்கு அங்கே என்ன இருக்கிறது?

பதில்: ஒவ்வொரு ரைடின் வாசலிலும் எச்சரிக்கைப் பலகை இருக்கும். கர்ப்பிணிகள் ஏறக்கூடாது என்று அதில் இருந்தால் வாதாட வேண்டாம். எல்லோரும் தவறவிடுவது கிலிமஞ்சாரோ சஃபாரி. விலங்கு பார்க்கும் வண்டிதானே என்று நினைப்பார்கள். மேடு பள்ளத்தில் தூக்கிப் போடும், அதற்கும் தடை உண்டு. பதிலாக அதே பார்க்கில் கொரில்லா ஃபால்ஸ் நடைபாதையும் நாவி ரிவர் படகும் இருக்கின்றன. மேஜிக் கிங்டமில் ஹான்டட் மேன்ஷன், பீட்டர் பான், ஜங்கிள் க்ரூஸ். எப்காட்டில் லிவிங் வித் தி லேண்ட். எப்காட்டின் வேர்ல்ட் ஷோகேஸ் பதினோரு நாடுகளின் அரங்குகள் ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 2 கிலோமீட்டர், ஒரே மூச்சில் சுற்றாதீர்கள். விரைவு உணவுக் கவுன்டர் எதிலும் ஐஸ் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள்.

கேள்வி: பட்டுப்புடவையில் கோட்டை முன்னால் போட்டோ எடுக்கலாமா? வேஷம் போடக்கூடாதுன்னு விதி இருக்காமே.

பதில்: அந்த விதி 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் கதாபாத்திர வேஷம் போடுவதற்கு. புடவை வேஷம் இல்லை, தாராளமாக உடுத்துங்கள். தரையில் இழுபடும் உடைக்குத் தடை உண்டு, முந்தானையை ஒற்றையாக விடாமல் மடித்துப் பின் குத்துங்கள். மேஜிக் கிங்டம் திறந்த அரை மணிக்குள் கோட்டை முன் நின்றால் பின்னணியில் ஆள் குறைவு. போட்டோபாஸ்காரரிடம் (பார்க்கின் போட்டோகிராபர்) உங்கள் போனைக் கொடுத்தால் அதிலும் காசில்லாமல் எடுத்துத் தருவார். செல்ஃபி ஸ்டிக் உள்ளே விடமாட்டார்கள்.

கேள்வி: டிக்கெட் எடுக்காத நாளில் மாலை எங்கே போவது?

பதில்: பாலினீசியன் ரிசார்ட் ஏரிக்கரை. மேஜிக் கிங்டம் வாணவேடிக்கை ஏரிக்கு அப்பால் தெரியும், அதோடு 1971 முதல் நடக்கும் எலக்ட்ரிக்கல் வாட்டர் பேஜன்ட் என்ற விளக்குத் தெப்பங்கள் அதே ஏரியில் வரும். இரண்டும் இலவசம். மோனோரயிலுக்கும் டிக்கெட் இல்லை.

கேள்வி: விசாவோ லீவோ சொதப்பினால் போட்ட பணம் என்ன ஆகும்?

பதில்: டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. ஆனால் ஒரு நாள் கூடப் பயன்படுத்தாத டிக்கெட்டின் தொகையைப் பின்னால் வாங்கும் டிக்கெட்டில் கழித்துக்கொள்ளலாம். அறையும் டிக்கெட்டும் சேர்ந்த பேக்கேஜ் என்றால் 30 நாளுக்கு முன்பு ரத்து செய்தால் டிஸ்னி பிடிப்பதில்லை, அதற்குப் பிறகு 2 நாள் முன்பு வரை 200 டாலர், அப்புறம் மொத்தமும் போச்சு. அறை மட்டும் எடுத்தவர்கள் ஒரு வாரம் முன்பே முடிவு செய்துவிட்டால் முன்பணம் முழுதாக வரும். விசா இன்னும் கையில் வராதவர்கள் அறையைத் தனியாக எடுத்து வையுங்கள், டிக்கெட்டை விசா வந்த பிறகு வாங்குங்கள்.