உள்ளே பார்த்தேன், கோபம்தான் இருந்தது

கேள்வி: எனக்கு வயது 46. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள். “தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே” என்ற வசனத்தை வைத்து எங்கள் சபை ஐயர் (போதகர்) பிரசங்கம் செய்தார். அன்று இரவு என் உள்ளத்தைச் சோதித்துப் பார்த்தேன். அங்கே அண்ணன் மேலுள்ள கோபம்தான் இருந்தது. அம்மா முன்பே காலமாகிவிட்டார்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் எனக்குப் பங்கில்லை என்கிறார் அண்ணன். வழக்குப் போடுவதா, விட்டுவிடுவதா என்று ஞானம் கேட்டு ஜெபித்தும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. கத்தோலிக்கத் தோழியின் வேதாகமத்தில் அதே வசனம் “உங்கள் நடுவே” என்றிருக்கிறது. அப்படியானால் எனக்குள் அந்த ராஜ்யம் இல்லையா?
– வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தோழியின் வேதாகமத்திலிருந்தே தொடங்குகிறேன். லூக்கா 17:21-இல் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘என்டோஸ்’. மத்தேயு 23:26-இல் பாத்திரத்தின் உட்புறத்தைக் குறிக்க வருவதும் இதே சொல்தான். ஆகவே நம் பழைய மொழிபெயர்ப்பின் “உங்களுக்குள்” என்பதைத் தவறென்று தள்ள முடியாது. ஆனால் இயேசு அன்று பேசிக்கொண்டிருந்தது தம்மை ஏற்காத பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினரிடம் என்பதால், உங்கள் தோழி வாசிக்கும், 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் “உங்கள் நடுவேயே” என்று கொண்டது. அதில் ‘ராஜ்யம்’ என்பதற்கு ‘இறையாட்சி’ என்ற சொல் இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். ராஜ்யம் என்றதும் நமக்கு ஓர் இடம் நினைவுக்கு வருகிறது. அந்த இடத்தில் சமாதானம் நிரம்பியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஆட்சி என்றாலோ, அங்கே யாருடைய சொல் செல்கிறது என்பதே கேள்வி. கோபம் இருக்கும் உள்ளத்திலும் ஆண்டவரின் சொல் செல்லலாம். கோபத்தோடு இருந்தும் அண்ணனை ஊரார் முன் அவமானப்படுத்தாமல், இரண்டு ஆண்டுகளாக ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே, உங்களை அப்படி நிறுத்தி வைத்தது யார் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவன் விதைத்துவிட்டு இரவும் பகலும் தூங்கி எழ, அவன் அறியாமலே விதை முளைத்துப் பயிராகிறது என்று மாற்கு 4-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இந்த ராஜ்யத்தைப் பற்றித்தான் சொன்னார். முளை வருவதற்கு முன் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு விதையே இல்லை என்று நீங்கள் முடிவு செய்துவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

சத்தம் கேட்கவில்லை என்கிறீர்கள். சாலொமோன் ராஜா தேவனிடம் வேண்டிய வரத்தை நம் வேதாகமம் “ஞானமுள்ள இருதயம்” என்கிறது. எபிரெய மூலத்தில் அது ‘கேட்கும் இருதயம்’. அந்த வரத்தைப் பெற்றபின் நாம் வாசிக்கும் அவருடைய முதல் வழக்கில், ஒரு குழந்தைக்காக இரண்டு பெண்கள் வந்து நின்றபோது, உண்மையான தாய் இவள்தான் என்று வானத்திலிருந்து எந்தக் குரலும் வரவில்லை. இருவரையும் பேசவிட்டார், பிள்ளையை இரண்டாகப் பிளக்கப் பட்டயத்தைக் கொண்டுவரச் சொன்னார், எவள் உள்ளம் பிள்ளைக்காகத் துடித்தது என்று பார்த்தார். தேவன் தந்த ஞானம் அவருடைய காதிலும் கண்ணிலும் வேலை செய்தது. உங்களிடத்திலும் அப்படியே செய்யும் என்று நம்புகிறேன்.

இனி, வீட்டு விஷயம். இந்தியக் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் இல்லாத தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. ஆகவே உங்கள் பங்கைக் கேட்பது பேராசை ஆகாது. விட்டுக்கொடுப்பதுதான் ஆவிக்குரிய செயல் என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டாம். பரத்திலிருந்து வருகிற ஞானத்தை விவரிக்கும் யாக்கோபு 3:17, சமாதானத்தையும் இணக்கத்தையும் சொல்லும் அதே மூச்சில் ‘பட்சபாதமில்லாதது’, ‘மாயமற்றது’ (வெளிவேஷம் இல்லாதது) என்றும் சொல்கிறது. பெண் என்பதால் பங்கில்லை என்பது பட்சபாதம்; மனதுக்குள் பொருமிக்கொண்டே “எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்பது மாயம்.

அதே வேளையில், சொத்தைப் பங்கிட்டுத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்டு வந்தவனுக்கு, தாம் பங்கிடுகிறவராக வைக்கப்படவில்லை என்று சொன்ன இயேசு, உடனே பொருளாசையைக் குறித்துத்தான் எச்சரித்தார் (லூக்கா 12). அந்த எச்சரிப்பை அண்ணனுக்கு மட்டும் உரியதாக வாசித்துவிடாதீர்கள். அப்பாவைக் கடைசி நாட்களில் யார் பார்த்துக்கொண்டார்கள், மருத்துவச் செலவு யாருடையது என்பதெல்லாம் உங்கள் கடிதத்தில் இல்லை. அண்ணனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவாகவே இருக்கலாம்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன், நீங்களே கைப்பட ஒரு கடிதம் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், கோபத்தில் விரல் வேகமாக ஓடிவிடும். சட்டம் என்ன சொல்கிறது என்பதையும், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும், அண்ணன் என்ற உறவு இன்னும் வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் எழுதி, ஓர் இரவு மேசைமேல் வைத்துவிட்டு, காலையில் யாக்கோபின் அந்த ஒரு வசனத்தைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படியுங்கள். வசனத்தின் முன் நிற்காத வரிகளை அடித்துவிட்டு அனுப்புங்கள். பதில் வராவிட்டால், சபையில் இருவரும் மதிக்கும் ஒரு பெரியவரை நடுவில் வைத்துப் பேசுங்கள். அதற்கும் அவர் இணங்காவிட்டால் நீதிமன்றம் செல்வதில் குற்றவுணர்வு வேண்டியதில்லை. அண்ணன் என்ன பதில் எழுதினார் என்று எனக்கும் தெரிவியுங்கள். உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கிறேன்.