டோக்கன் கொடுத்து வாங்கிய பைக்கு விடுதியே பொறுப்பு

கேள்வி: கோத்தகிரி அருகே இரண்டு ஏக்கரில் தேயிலை வைத்திருக்கிறேன், கொஞ்சம் இலையைக் கையாலேயே பதப்படுத்தி விற்கிறேன். சென்ற மாதம் சில வியாபாரிகளைப் பார்க்கச் சென்னை போனபோது, ரயில் நிலையத்தோடு நடைமேம்பாலத்தால் இணைந்திருக்கும் ஒரு விடுதியில் ஓர் இரவு தங்கினேன். வரியுடன் 3,570 ரூபாய் கட்டினேன். மறுநாள் காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு, நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில்தான் என்பதால் இரண்டு பைகளை வரவேற்பு மேசையில் ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொண்டேன். மாலையில் திரும்பியபோது ஒரு பைதான் இருந்தது. காணாமல் போன பையில் 52,000 ரூபாய்க்கு வாங்கிய மடிக்கணினி, கணக்கு நோட்டு, மாதிரித் தேயிலைப் பொட்டலங்கள் இருந்தன. பாலத்தின் வழியே ரயில் பயணிகளும் வந்து போகிறார்கள், அது ரயில்வே இடம் என்று விடுதியில் கைவிரிக்கிறார்கள். இருப்புப்பாதை காவல் நிலையத்தில் மாநகரக் காவலிடம் போகச் சொன்னார்கள்; அங்கே மறுபடி நிலையத்துக்கே அனுப்பினார்கள். டோக்கனைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்திட்டால் 2,000 ரூபாய் தருவதாக மேலாளர் சொல்கிறார். வழக்கு என்று போனால் வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்கு இறங்க வேண்டுமே என்று வீட்டில் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வீட்டாரின் தயக்கத்தை முதலில் நீக்கிவிடுகிறேன். நீங்கள் சென்னையில் வழக்குத் தொடுக்க வேண்டியதில்லை. 1986ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டத்தில், எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் இடத்திலோ சம்பவம் நடந்த இடத்திலோதான் புகார் செய்ய முடியும். பத்தாயிரம் ரூபாய் இழப்புக்காக நான்கு முறை சமவெளிக்கு இறங்கி ஏறுவதற்குப் பதில் இழப்பையே பொறுத்துக்கொள்ளலாம் என்று மலைவாழ் மக்கள் விட்டுவிட்டதற்கு அந்த விதியும் ஒரு காரணம். 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்ய உரிமை தருகிறது. ஆகவே உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே உங்கள் புகாரை விசாரிக்கலாம். சென்னை விடுதிதான் மலையேறி வரவேண்டும், அல்லது தன் வழக்கறிஞரை அனுப்ப வேண்டும். இணையவழியிலும் புகார் செய்யலாம். மழைக்காலத்தில் சாலை அடைபட்டால் காணொலி மூலம் ஆஜராக அனுமதி கேட்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. சேவைக்காக நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் ஆணையக் கட்டணம் எதுவும் இல்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கலாகிவிட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய டோக்கன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் எண்ணும், பேனாவால் எழுதிய "2 பை" என்ற குறிப்பும் உள்ளன. பின்பக்கத்தில், கண்ணுக்கு அருகில் பிடித்தால்தான் படிக்க முடிகிற எழுத்தில், பொருள்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் வைக்கப்படுகின்றன, நிர்வாகம் பொறுப்பேற்காது என்று அச்சடித்திருக்கிறார்கள். விடுதியினர் பின்பக்கத்தை நம்புகிறார்கள். உங்கள் வழக்கு முன்பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பைகளை அவர்கள் கையில் வாங்கினார்கள் என்பதற்கு அவர்களே எழுதிக் கொடுத்த சாட்சி அது.

ஒருவர் தம் பொருளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் எண்ணத்தோடு இன்னொருவர் வசம் கொடுப்பதை, நீதிமன்றங்களில் பெயில்மென்ட் என்று நாங்கள் சொல்லும் ஒப்படைப்பாக, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148ஆம் பிரிவில் வரையறுக்கிறது. 151ஆம் பிரிவின்படி, அப்படி வாங்கி வைத்துக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே சூழ்நிலையில் அதே அளவும் மதிப்பும் கொண்ட தம் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்கக் கடமைப்பட்டவர். பொருள் திரும்பி வராதபோது, தாம் அந்தக் கவனத்தைக் காட்டியதாக நிரூபிக்க வேண்டியவர் வாங்கி வைத்தவரே. பை எப்படிப் போயிற்று என்று கண்டுபிடித்துச் சொல்வது உங்கள் வேலை அல்ல. அறை பூட்டியிருந்ததா, சாவி யாரிடம் இருந்தது, உங்கள் எண்ணுக்குரிய பையை யார் யாரிடம் கொடுத்தார்கள் என்பதற்கெல்லாம் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

"சொந்தப் பொறுப்பில்" என்ற அச்சு வாசகத்தைக் கண்டு நம்மவர்கள் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம். 1998இல் டெல்லியில் ஒருவர் தம் காரை ஒரு நட்சத்திர விடுதியின் ஊழியரிடம் நிறுத்தக் கொடுத்துவிட்டு உள்ளே சென்றார். வெளியே வருவதற்குள் வேறு யாரோ அந்தக் காரை ஓட்டிச் சென்றுவிட்டார்கள். அந்த வழக்கிலும் சீட்டின் பின்னால் இதே போன்ற வாசகம் இருந்தது, வாகனம் நிறுத்தித் தருவது இலவசச் சேவை என்ற வாதமும் இருந்தது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. பொருளைத் தன் வசம் வாங்கிக்கொண்ட விடுதி, இப்படிப்பட்ட வாசகத்தைக் காட்டித் தன் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று அது தீர்ப்பளித்தது. காருக்குப் பொருந்தும் இந்த நியாயம் பைக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து. அறையைக் காலி செய்த பிறகு இலவசமாகத்தானே வைத்திருந்தோம் என்று அவர்கள் சொன்னால், இரவு ரயிலுக்குப் போகிற பயணி நிலையத்தை ஒட்டிய விடுதியைத் தேடி வருவதே இந்த வசதிக்காகத்தான், அதற்கான விலையும் வாடகையில் அடங்கியிருக்கிறது என்பது உங்கள் பதிலாகட்டும்.

ரயில்வே இடம் என்ற வாதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நிலையத்தோடு சேர்ந்த விடுதிகள் இப்போது நாட்டில் பெருகிவருகின்றன. குஜராத்தின் காந்திநகர் நிலையத்தில் தண்டவாளத்துக்கு மேலேயே 318 அறைகளோடு ஒரு விடுதி 2021இல் திறக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் கட்டடம் எங்கே முடிகிறது, நிலையம் எங்கே தொடங்குகிறது என்பது தங்குபவருக்குத் தெரிய வழியில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பொறுப்பின் அளவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 100ஆம் பிரிவின்படி, பதிவு செய்து ரசீது பெறாமல் பயணி தாமே எடுத்துச் செல்லும் பொருள் தொலைந்தால், ரயில்வே ஊழியரின் அலட்சியத்தையோ தவறான நடத்தையையோ பயணிதான் நிரூபிக்க வேண்டும். ஓடும் ரயிலில் இடுப்பில் கட்டியிருந்த ஒரு லட்சம் ரூபாயைப் பறிகொடுத்த பயணிக்கு ரயில்வே பொறுப்பல்ல என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியதும் நினைவிருக்கலாம். அதாவது, பழியை ரயில்வேயின் பக்கம் தள்ளிவிட்டால் நிரூபிக்கும் சுமை அப்படியே உங்கள் தோளுக்கு மாறிவிடும். அந்த வாதத்துக்கு இடம் கொடுத்துவிடாதீர்கள். பையை நீங்கள் பாலத்தில் வைக்கவில்லை. மேசையில், ஆள் கையில் கொடுத்தீர்கள். பாலத்தில் வெளியாட்கள் நடமாடுவது விடுதிக்கு முன்பே தெரியும் என்றால், பை வைக்கும் அறையை இன்னும் கூடுதலாகப் பாதுகாத்திருக்க வேண்டும் என்றுதான் அதற்குப் பொருள். ரயில்வேயை எதிர்த்தரப்பாகச் சேர்க்க இப்போதைக்கு எந்தக் காரணத்தையும் நான் காணவில்லை.

அவர்கள் எழுப்பக்கூடிய இன்னொரு தடை, நீங்கள் வியாபார வேலையாக வந்து தங்கியவர், ஆகவே நுகர்வோர் அல்ல என்பது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் பெற்ற சேவைக்கும் இலாபம் ஈட்டும் செயலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறதா என்பதைத்தான் உச்ச நீதிமன்றம் அளவுகோலாக வைத்திருக்கிறது. இரவு படுத்து எழுந்ததிலும் பையை வைத்ததிலும் இலாபம் எதுவும் பிறக்கவில்லை. இந்தத் தடையைக் கடக்க முடியும் என்றே நம்புகிறேன். இருந்தாலும் புகாரில் பயண நோக்கத்தை மறைக்க வேண்டாம்; உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

புகாரை யார் மீது செய்வது என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். வாசல் பலகையில் இருப்பது வணிகப் பெயர். நடத்துவது வேறொரு நிறுவனமாக இருக்கலாம். உங்கள் வாடகை ரசீதில் 33 என்று தொடங்கும் ஜிஎஸ்டி எண் இருக்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால் சட்டப்படியான பெயர் கிடைக்கும். அந்தப் பெயரையே எதிர்த்தரப்பாகக் காட்டுங்கள். புகாரைச் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற அடிப்படைகளில் அமையுங்கள். டோக்கன் வாசகத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்று தனியாகத் தாக்கப் புறப்பட்டால், அந்த வகைப் புகார்களை விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாநில ஆணையத்துக்கே கொடுத்திருப்பதால், வழக்கு மறுபடியும் சென்னைக்குப் போய்விடும்.

காவல்துறை உங்களை அலைக்கழித்தது சட்டப்படி தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. கோத்தகிரி காவல் நிலையத்திலேயே எழுத்தில் புகார் கொடுங்கள்; அவர்கள் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். குறைந்தபட்சம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். மடிக்கணினியின் வரிசை எண்ணைப் புகாரில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

எல்லாவற்றையும் விட அவசரமானது கண்காணிப்புக் கேமராப் பதிவு. பெரும்பாலான இடங்களில் பழைய பதிவின் மீதே புதிய பதிவு ஏறிவிடும், ஏற்கெனவே ஒரு மாதம் ஆகிறது. வரவேற்பு மேசை, பை வைக்கும் அறை, பாலத்தின் வாசல் ஆகிய மூன்று இடங்களின் அன்றைய காலை 11 மணி முதல் இரவு வரையிலான பதிவை அழிக்காமல் பாதுகாக்குமாறு, இன்றே மின்னஞ்சலிலும் விரைவு அஞ்சலிலும் எழுதுங்கள். எழுதிக் கேட்ட பிறகும் அவர்கள் பதிவைக் கொண்டுவராவிட்டால், அது தமக்குப் பாதகமானது என்பதால்தான் மறைக்கிறார்கள் என்று ஆணையம் அனுமானிக்க இடமுண்டு.

கிடைக்கக்கூடிய தொகையைப் பற்றி உங்களுக்கு வீண் நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. மடிக்கணினிக்கு வாங்கிய விலை முழுதும் கிடைக்காது. பயன்படுத்திய காலத்துக்கான தேய்மானம் கழிக்கப்படும். வாங்கிய ரசீதைத் தேடி எடுங்கள். தேயிலைப் பொட்டலங்களுக்கு நீங்கள் விற்கும் விலைக்கான பழைய ரசீதுகள் போதும். கணக்கு நோட்டுக்கு விலை இல்லை என்றாலும், அதை மறுபடி எழுத நேர்ந்த உழைப்பை மன உளைச்சலுக்கான இழப்பீட்டில் சேர்த்துக் கேட்கலாம். பையில் மடிக்கணினி இருப்பதை ஒப்படைத்தபோது சொன்னீர்களா என்று கேட்பார்கள். சொல்லவில்லை என்றால் சொல்லவில்லை என்றே கூறுங்கள். வியாபார வேலையாகத் தங்குபவர் பையில் மடிக்கணினி இருப்பது எந்த விடுதிக்கும் வியப்பாக இருக்க முடியாது. நகையோ ரொக்கமோ என்றால்தான் உங்கள் நிலை பலவீனமாகியிருக்கும்.

மேலாளர் சொல்லும் 2,000 ரூபாயை வாங்க வேண்டாம். அவர் நீட்டும் காகிதத்தில் முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன் என்ற வரி இருந்தால், அதன் கீழ் நீங்கள் இடும் கையெழுத்து உங்கள் புகாரை அங்கேயே முடித்துவிடும். சமரசம் தேவையானால் ஆணையத்தின் வழியாகவே மத்தியஸ்தத்துக்கு இடமுண்டு, அங்கே பேசலாம். டோக்கனை இருபுறமும் படம் எடுத்து, அசலை ஓர் உறையில் இட்டு வீட்டுப் பெட்டியில் வையுங்கள். சரிபார்த்துவிட்டுத் தருகிறோம் என்று கேட்டாலும் படத்தின் நகலை மட்டும் அனுப்புங்கள்; அசலை உதகையில் ஆணையத்தின் முன்னிலையில் மட்டுமே காட்டுங்கள்.